முன்கூட்டி விழும் பொறி

பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்கு முன்பே தீப்பொறி விழுந்துவிடுகிறது. கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. ஸ்பார்க் பிளக்கின் முனையில் பற்றிய தீ, சிலிண்டரின் மறுபக்கச் சுவரை எட்ட இரண்டு மூன்று மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு விநாடியில் 18,000 டிகிரி திரும்பும். தீ பரவும் அந்தச் சிறுபொழுதுக்குள் அது 30 டிகிரிக்கு மேலும் நகர்ந்துவிடும். மேல்முனையைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கிய நிலையில் பிஸ்டன் இருக்கும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் இன்ஜின் தன் முழு வலுவைத் தரும். அந்த உச்சம் அங்கே அமைய, பொறி 25 அல்லது 30 டிகிரி முன்னதாகவே விழ வேண்டும். இந்த முந்தலை மெக்கானிக்குகள் அட்வான்ஸ் என்கிறார்கள். அதைக் கணித்து வைப்பதே இக்னிஷன் டைமிங்.

காரில் இந்த எண்ணைத் தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார். சான்றிதழ் பெற்ற விமான இன்ஜினிலும் அப்படியே. லைகமிங் இன்ஜின்கள் பலவற்றின் பெயர்த்தகட்டில் 25 டிகிரி என்றும், சிலவற்றில் 20 என்றும் பொறித்தே வருகிறது. பராமரிக்கும் மெக்கானிக்கின் வேலை அந்த எண்ணைச் சரிபார்ப்பது, மாற்றுவது அல்ல. கார் இன்ஜினைக் கழற்றி, தானே கட்டிய விமானத்தில் பூட்டுபவரின் நிலை வேறு. எண்ணை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுத்ததை நம்பி அவரே ஏறிப் பறக்கவும் வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒன்று சரியாகவே நடக்கிறது என்று நம்ப ஒரு மனிதருக்கு எப்போது உரிமை உண்டு? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடவுள் நம்பிக்கையைப் பற்றி எழுந்த விவாதத்தின் மையக் கேள்வி இதுதான். விமானக் கொட்டகையில் அது டிகிரிக் கணக்கில் மறுபடி எழுகிறது.

கார் இன்ஜினை விமானத்தில் பூட்டும் வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சிற்றூரைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்பால், 1929இல் ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினை மர விமானம் ஒன்றில் பூட்டிப் பறந்தார். ஏர் கேம்பர் என்ற அந்த வடிவத்தை இன்றும் பலர் கட்டுகிறார்கள். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் இன்ஜின் சிறு விமானங்களுக்கு வந்தது. 1960களில் பீட்டன்பாலே ஷெவர்லே கோர்வேர் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு மாறினார். அந்தக் கார், வாகனப் பாதுகாப்பைப் பற்றி ரால்ஃப் நாடர் 1965இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்திலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. சாலையில் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது பின்சக்கரத் தொங்கமைப்பு. இன்ஜினின் மேல் அந்தப் பழி விழவில்லை. 1969இல் கார் உற்பத்தி நின்றும், இன்ஜின் வானத்தில் தன் இரண்டாம் வாழ்வைத் தொடர்ந்தது. பிறகு சுபாரு, மாஸ்டாவின் சுழல் இன்ஜின் என்று பட்டியல் நீண்டது.

பழைய கார்களில், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அதன் நேரத்தை மாற்றும் ஏற்பாடுகள் இரண்டு. வேகம் கூடும்போது சிறு எடைகள் வெளிப்பக்கம் விரிந்து பொறியை முன்னே தள்ளும். தீ பரவும் வேகம் சுழற்சிக்கு முற்றிலும் ஈடுகொடுத்துக் கூடுவதில்லை என்பதால் இது தேவைப்படுகிறது. மற்றொன்று வெற்றிடத்தால் இயங்குவது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் வரும் கலவை அடர்த்தி குறைந்தது, மெல்ல எரியும். அப்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் ஒரு சவ்வை இழுத்து மேலும் சில டிகிரி சேர்க்கும். காலை அழுத்தியதும் வெற்றிடம் குறையும், சேர்ந்த டிகிரியும் போய்விடும். இந்த இரண்டு ஏற்பாடுகளிலும் பதிந்திருப்பது காரின் அன்றாட வாழ்க்கை. சமதளச் சாலையில் கார் தன் முழு ஆற்றலில் சிறு பங்கைத்தான் கேட்கிறது. முழு த்ராட்டில் என்பது இன்னொரு வண்டியை முந்தும் சில விநாடிகளுக்கு மட்டும்.

விமானத்தில் கணக்கு தலைகீழ். ஓடுபாதையில் முழு த்ராட்டில். மேலேறும் நிமிடங்கள் முழுவதும் ஏறக்குறைய அதே நிலை. பிறகு மணிக்கணக்கில் 65 முதல் 75 சதவீத ஆற்றல். வெற்றிட ஏற்பாட்டுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பலர் அதைக் கழற்றி விடுகிறார்கள். பிராப்பெல்லரைக் கிராங்க் ஷாஃப்ட்டிலேயே நேராகப் பூட்டினால், பிராப்பெல்லர் இதழ் முனைகளின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்க இன்ஜினை 3,000 சுற்றையொட்டியே நிறுத்த வேண்டியிருக்கிறது. குறைந்த சுழற்சி, முழுச் சுமை, நீண்ட நேரம்: இன்ஜினுக்கு இதைவிடக் கடினமான சேர்க்கை குறைவு.

அதற்குக் காரணம், பொறி முந்திவிட்டால் நடப்பது. தீ ஒரு முனையிலிருந்து பரவிவரும்போது இன்னும் எரியாத கலவை மறுமுனையில் நசுங்கிச் சூடேறுகிறது. பொறி அளவுக்கு மீறி முந்தினால் அழுத்தம் மேலும் ஏறி, தீ போய்ச் சேருமுன் அந்த மிச்சக் கலவை தானே ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்ளும். அதிர்வலைகள் சிலிண்டரில் மோதும். உலோகத்தைக் காத்துவந்த மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் கலைந்து, வெப்பம் நேராகப் பிஸ்டனுக்குப் பாயும். இதுவே நாக்கிங். ஹாரி ரிக்கார்டோ போன்ற பொறியாளர்கள் முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இதை அடக்கத்தான் 1921இல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தார். உலகத்தின் காற்று அதற்குத் தந்த விலை தனிக்கதை. நாக்கிங் நீடித்தால் பிளக்கின் முனையோ படிந்த கரியோ செஞ்சூடாகி, பொறிக்குக் காத்திராமல் கலவையைத் தானே பற்றவைக்கத் தொடங்கும். அந்தக் கட்டத்தை எட்டிவிட்டால் பிஸ்டன் துளைபட அதிக நேரம் ஆகாது.

காரில் நாக்கிங் வந்தால் ஓட்டுபவருக்குக் கேட்கும். மேட்டில் ஏறும்போது இன்ஜினிலிருந்து வரும் கணகணப்பைக் கேட்டு அவர் காலைத் தளர்த்துவார். விமானத்தில் பிராப்பெல்லரின் இரைச்சல், சைலன்சர் இல்லாத புகைக்குழாய், காதை மூடிய ஹெட்செட். அந்த ஒலி விமானியை எட்டாது. நவீனக் கார்களின் நாக் சென்சாரைப் பொருத்தலாம். ஆனால் காற்றால் குளிரும் இன்ஜினின் இயல்பான உலோகச் சத்தத்துக்கும் நாக்கிங்குக்கும் நடுவே கோடு கிழிக்க அதைப் பழக்குவதற்கே ஓர் ஆய்வகம் வேண்டும். சேதம் நேரும் கணத்தில் கருவிப் பலகை அநேகமாக வழக்கம்போலவே தெரியும். சிலிண்டர் தலையின் வெப்பமானி ஏறத் தொடங்கும்போது நாக்கிங் ஏற்கனவே தொடங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்து அதன் பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் கண்டால், பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அறிவு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு இந்தியத் தருக்க மரபு மூன்று வாயில்களை முதன்மையாகச் சொல்கிறது: காட்சி, அனுமானம், நம்பத்தக்கவர் உரை. டைமிங் விஷயத்தில் காட்சி பெரும்பாலும் தவறிவிடுவதை மேலே கண்டோம். எஞ்சும் ஒரே காட்சி டைமிங் லைட். ஓடும் இன்ஜினின் முன்வளையத்தில் அதன் ஒளியைப் பாய்ச்சினால் குறி எந்த டிகிரியில் நிற்கிறது என்று தெரியும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில இன்ஜின்களில் அந்த வளையம் ரப்பரால் ஒட்டப்பட்டது. பல ஆண்டுகளில் நழுவியிருந்தால் குறி பொய் சொல்லும். எனவே கவனமானவர் பிளக் துளையில் ஒரு தடுப்பைத் திருகி, பிஸ்டன் அதில் முட்டும் இடங்களை இருபக்கமும் சுழற்றிக் குறித்து, அவற்றின் நடுப்புள்ளியை உண்மையான மேல்முனை என்று கொள்கிறார். காட்சி என்று எண்ணியதன் அடியிலும் யாரோ வைத்த குறியின் மீதான நம்பிக்கை இருந்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த விளக்கு காட்டுவது பொறி எப்போது விழுகிறது என்பதை மட்டுமே. எரிதல் எப்படி நடக்கிறது என்பதை அது காட்டாது.

உரைக்கு வருவோம். கார் தயாரிப்பாளரின் கையேடு நம்பத்தக்கவர் உரைதான். ஆயிரக்கணக்கான மணி நேரச் சோதனையின் சாரம் அது. ஆனால் அவர் பேசியது காரைப் பற்றி. பீட்டில் இன்ஜினின் பழைய டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி அச்சைச் செதுக்கியிருந்தார்கள். அந்தக் காரின் விசிறிக் கூட்டுக்குள் ஆயில் கூலர் காற்றுப் பாதையை மறைத்ததால் மூன்றாம் சிலிண்டர் கூடுதலாகச் சூடாகும் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். விமானத்தில் அந்த விசிறிக் கூடும் இல்லை, அந்த இடத்தில் ஆயில் கூலரும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே எடுத்துப் பூட்டினால், இல்லாத ஒரு நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டைத் தொடர்வதாகும். உரை சொல்பவர் நேர்மையானவர் என்பது போதாது. அவர் எதைக் கண்டு சொன்னார், கேட்பவரின் நிலை அதேதானா என்பதும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

சான்றிதழ் பெற்ற விமான இன்ஜினின் எண்ணைக் கடன் வாங்குவதும் இப்படித்தான் தடுமாறும். லைகமிங்கின் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிளக்குகள் உண்டு. இரண்டு முனைகளிலிருந்து தீ கிளம்புவதால் அது கடக்க வேண்டிய தூரம் சுருங்கி, குறைந்த அட்வான்ஸே போதும். கோர்வேருக்குச் சிலிண்டருக்கு ஒரே பிளக். மாற்றியமைப்பவர்கள் அதற்குப் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே வைக்கிறார்கள். 25 என்ற எண்ணைத் தனியே எடுத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் இரண்டு பிளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன.

அனுமானத்தின் பலவீனத்தை நியாய நூல்கள் ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குகின்றன. புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு இருந்தால் புகை உண்டு என்பது தவறு. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர ஈர விறகு வேண்டும். சொல்லப்படாமல் உள்ளே ஒளிந்திருந்து முடிவைக் கெடுக்கும் இந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். கார் இன்ஜின் விமான இன்ஜினாகும் கதையில் உபாதிகள் ஏராளம். ‘இந்த இன்ஜின் சாலையில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியது, எனவே உறுதியானது’ என்ற அனுமானத்துக்குள் லேசான சுமை ஒளிந்திருக்கிறது. ‘இன்னொருவர் இதே இன்ஜினில் 32 டிகிரி வைத்துப் பல ஆண்டு பறந்தார், எனவே 32 சரி’ என்பதற்குள் அவருடைய அமுக்க விகிதம், அவர் ஊற்றிய எரிபொருள், அவர் விமானத்தின் குளிர்காற்றுப் பாதை எல்லாம் இருக்கின்றன. விமான நிலையங்களில் கிடைக்கும் ஈயம் கலந்த 100 ஆக்டேன் பெட்ரோலில் அமைதியாக ஓடிய டைமிங், சாதாரணப் பம்பில் வாங்கிய பெட்ரோலில் நாக்கிங் தரலாம். 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் காற்று அடர்த்தி குறைவு; சிலிண்டருக்குள் வரும் கலவையும் குறைவு. அங்கே ஒரு கோளாறும் காட்டாத எண், கடல் மட்டத்தில் கோடை நண்பகலில் மேலேறும்போது முதன்முறையாகப் பிழையாகலாம். வேகம் குறைந்து, குளிர்காற்று குறைந்து, சுமை உச்சத்தில் இருக்கும் அந்த ஏற்றத்தில்தான், இறங்க இடம் தேடப் போதுமான உயரமும் இல்லை.

இங்கிலாந்தின் கணித அறிஞர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் 1877இல் நம்பிக்கையின் அறநெறி பற்றி எழுதிய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியோடு தொடங்குகிறது. கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. புறப்படுமுன் அவருக்கு ஐயம் எழுகிறது. இத்தனை பயணங்களில் பத்திரமாகத் திரும்பியதே, குடிபெயரும் ஏழைக் குடும்பங்களை இறைவன் கைவிடுவானா என்று எண்ணி ஐயத்தை அடக்கிக்கொள்கிறார். மனமார நம்பியே கப்பலை அனுப்புகிறார். அது மூழ்குகிறது, அவர் காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார். அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயம் இராது. கிளிஃபர்ட் அடுத்து வைக்கும் அடிதான் கூர்மையானது. அந்தக் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் குற்றம் எள்ளளவும் குறையாது என்கிறார் அவர். நம்பியது உண்மையா பொய்யா என்பதில் அறம் தங்கியிருக்கவில்லை. அந்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதித்தார் என்பதில்தான் இருக்கிறது. இதை எழுதியவர் 1870இல் சூரிய கிரகணம் காணப் போகும் வழியில் சிசிலிக் கரையருகே கப்பல் விபத்தில் சிக்கி உயிர் தப்பியவர்.

கப்பல் முதலாளியின் வாதம், மாற்று இன்ஜின் உலகில் அடிக்கடி ஒலிக்கும் வாதத்தின் அச்சு: இதுவரை ஒன்றும் ஆகவில்லை. நாக்கிங்கின் தன்மையே இந்த வாதத்தை வலுவிழக்கச் செய்கிறது. எல்லைக்கு ஒரு டிகிரி இப்பால் இருக்கும் இன்ஜினும் பத்து டிகிரி இப்பால் இருக்கும் இன்ஜினும் விமானிக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பத்திரமாக இறங்கிய ஒவ்வொரு பறப்பும் அன்றைய வெப்பத்தில், அன்றைய எரிபொருளில் எல்லை தாண்டவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. எல்லை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்க விதிகளின்படி, சான்றிதழ் பெற்ற இன்ஜினும் பிராப்பெல்லரும் சேர்ந்த அமைப்புக்கு வழக்கமாக 25 மணி நேரச் சோதனைப் பறப்பும், மற்றவற்றுக்கு 40 மணி நேரமும் கேட்கிறார்கள். அந்த 40 மணி நேரமும் குளிர்காலத்தில் கழிந்திருந்தால், நேர்மையாகப் பறந்து முடித்த பிறகும் கோடையைப் பற்றி விமானிக்குத் தெரிந்தது கொஞ்சமே.

கிளிஃபர்டுக்கு அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் பதில் சொன்னார். போதிய சான்று வரும்வரை நம்பாதிருப்பதே அறம் என்றால், சான்று ஒருபோதும் முழுமை பெறாத இடங்களில் என்ன செய்வது? தேர்ந்தே ஆக வேண்டிய, உயிருள்ள, பெரிய விளைவு உடைய தேர்வு முன்னே நிற்கும்போது, அறிவால் மட்டும் தீர்க்க முடியாவிட்டால் நெஞ்சம் தீர்க்கலாம் என்பது அவர் வாதம். முடிவெடுக்காமல் நிற்பதும் ஒரு முடிவுதான் என்று அவர் நினைவூட்டினார். சில நம்பிக்கைகள் தம்மை உண்மையாக்கிக்கொள்ள உதவுகின்றன என்றும் சொன்னார். பள்ளத்தைத் தாண்டியே ஆக வேண்டிய மலையேறி, தன்னால் முடியும் என்று நம்பினால் கால் உறுதியாக ஊன்றும். ஐயுற்றால் தடுமாறி விழுவான்.

ஓடுபாதையின் தொடக்கத்தில் நிற்பவருக்கு இந்த இருவரில் யார் பொருந்துவார்? இருவருமே, ஆனால் வெவ்வேறு பொருளைப் பற்றி. அங்கே இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று இன்ஜினைப் பற்றியது, மற்றொன்று தன்னைப் பற்றியது. இன்ஜின் நின்றால் பதற்றமின்றி மூக்கைத் தாழ்த்தி நேரே இறக்கிவிடலாம் என்ற தன்னம்பிக்கைக்கு ஜேம்ஸின் உரிமைச் சீட்டு செல்லும். அந்த நம்பிக்கை இருப்பதே கையை நிதானப்படுத்தும். ஆனால் சிலிண்டரின் மூலையில் நசுங்கிக்கொண்டிருக்கும் கலவைக்கு விமானியின் மனநிலை தெரியாது. எவ்வளவு ஆழமாக நம்பினாலும் அதன் தானெரி வெப்பநிலை ஒரு டிகிரியும் உயராது. அங்கே கிளிஃபர்ட் விதிதான் ஆட்சி செய்கிறது. பிழை நேர்வது பெரும்பாலும், இரண்டாவது நம்பிக்கையின் துணிச்சல் முதலாவதன் வெற்றிடத்தை நிரப்பிவிடும் இடத்தில். புறப்படுமுன் கடவுளை வேண்டிக்கொள்வதில் தவறு காண ஒன்றும் இல்லை. டைமிங் லைட்டுக்குப் பதிலாக வேண்டிக்கொள்வது கப்பல் முதலாளியின் வழி.

சான்று முழுமையாகாது, ஆனாலும் ஓர் எண்ணில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கத்தான் வேண்டும் என்ற நிலையில் அறிவுக்கு இன்னொரு துணை இருக்கிறது: பிழைகளின் விலை சமமல்ல. இன்ஜினின் முறுக்குவிசையைப் பொறியின் நேரத்துக்கு எதிரே வரைந்தால், உச்சியில் வளைகோடு ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். சரியான இடத்திலிருந்து நான்கைந்து டிகிரி பிந்தினால் போகும் ஆற்றல் ஒன்றிரண்டு சதவீதம். அதே நான்கைந்து டிகிரி முந்தினால் ஆற்றலில் கிடைக்கும் லாபம் எதுவுமில்லை, இழப்போ ஒரு பிஸ்டனாக இருக்கலாம். உண்மை எங்கே என்று தெரியாதபோது, மலிவான பிழையின் பக்கம் சாய்ந்து நிற்பது கோழைத்தனம் ஆகாது. அறியாமையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு செயல்படும் முறை அது. காரில் கொண்டாடப்படும் கடைசி இரண்டு குதிரைத்திறனை விமானத்தில் வேட்டையாடுபவர், தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டு பந்தயம் கட்டுகிறார்.

இந்தச் சாய்வுக்கும் எல்லை உண்டு. பொறியை மேலும் மேலும் தாமதித்தால் எரிதல் பிந்தி, வெப்பம் புகைக்குழாய் பக்கம் போகும். எக்ஸாஸ்ட் வால்வு அதைத் தாங்க வேண்டிவரும். ஆற்றல் குறைந்த இன்ஜின் ஓடுபாதையின் முனையில் உள்ள மரங்களைத் தாண்ட முடியாமல் போகலாம். எச்சரிக்கை என்ற பெயரில் செய்த தாமதமும் ஆளைக் கொல்லக்கூடும். நற்பண்பு மிகைக்கும் குறைக்கும் நடுவே இருக்கிறது என்று சொன்ன அரிஸ்டாட்டில், அந்த நடு எண்கணித நடு அல்ல என்றும் சொன்னார். இங்கே அது சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. நல்ல டைமிங் இரண்டு ஆபத்துகளின் சரிபாதியில் இல்லை. மலிவான ஆபத்தின் பக்கம் ஒதுங்கி இருக்கிறது. தொடக்கத்துக்கு விதி வேறு. இன்ஜினைக் கிளப்பும்போது சுழற்சி மிகக் குறைவு என்பதால் பொறி மேல்முனையை ஒட்டியே விழ வேண்டும். இல்லையெனில் பிஸ்டன் பின்னுக்கு உதைக்கும். பிராப்பெல்லரைக் கையால் சுற்றிக் கிளப்புபவரின் கை அந்த உதையில் முறியக்கூடும்.

காட்சி, அனுமானம், உரை மூன்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிடும் வழி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. மின்னணு இக்னிஷன் சுழற்சியையும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் அளந்து, நினைவில் உள்ள அட்டவணையைப் பார்த்து நொடிக்கு நொடி நேரத்தைத் திருத்தும். உயரம் ஏறி அழுத்தம் குறையும்போது அட்வான்ஸைக் கூட்டும். முழுச் சுமையில் குறைக்கும். எடைகளும் சவ்வும் செய்ததைவிட இது நேர்த்தியானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அட்டவணையை நிரப்பியவர் யார், எந்த இன்ஜினில் சோதித்து நிரப்பினார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. திரையில் ஒளிரும் எண் உரையைக் காட்சியாகத் தோன்றச் செய்கிறது, அவ்வளவே. மின்சாரம் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். தானே மின்சாரம் ஆக்கிக்கொள்ளும் பழைய மேக்னெட்டோவுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்காக இரண்டு பெட்டிகளை வைப்பவர்களும் உண்டு. இரண்டிலும் ஒரே பிழையான அட்டவணை இருந்தால், இரண்டு சாட்சிகள் ஒருவரிடமே கேட்டு வந்து சொன்னதாகிவிடும். ஒன்றுக்கொன்று சார்பற்ற சாட்சியே இரண்டாவது சாட்சி. ஒரு பாதையில் இயந்திர முறையில் பொறியை எழுப்பும் பழைய பாயிண்டுகள், மறு பாதையில் மின்னணு என்று சில கோர்வேர் அமைப்புகளில் செய்வதன் நியாயம் இதுவே.

இதுவரை பேசியது தன் உயிரைத் தானே பணயம் வைப்பவரின் நம்பிக்கை. அமெரிக்கச் சட்டம் அமெச்சூர் விமானத்தை அனுமதிக்கும்போது ஒரு நிபந்தனை வைக்கிறது: அதன் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே கட்டியிருக்க வேண்டும். அரசு ஒருவருக்கு ஆபத்தின் நடுவே கற்கும் உரிமையைத் தருகிறது. கற்றலில் தவறும் உரிமை அதற்குள் அடங்கும். ஆனால் அந்தத் தவறு யார் மேல் விழலாம் என்பதில் சட்டம் கண்டிப்பானது. சோதனைக் காலத்தில் பயணியை ஏற்ற முடியாது. மக்கள் நெருங்கி வாழும் இடங்களின் மேல் பறக்கவும் பொதுவாக அனுமதி இல்லை. சோதனை முடிந்த பின்னும் கேபினுக்குள் பயணி பார்க்கும் இடத்தில், வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கைத் தகடு இருக்க வேண்டும்.

அந்தத் தகட்டைப் படிக்கும் பயணிக்குக் காட்சியும் இல்லை, அனுமானத்துக்கு அடிப்படையும் இல்லை. விமானியின் உரை ஒன்றே உண்டு. கிளிஃபர்டின் கப்பலில் ஏறிய குடும்பங்களும் அப்படித்தான் இருந்தன. தனியாகப் பறக்கும்போது தன் அறிவின் குறையைத் துணிச்சலால் ஈடுகட்டியவர், பக்கத்து இருக்கையில் ஒருவர் அமர்ந்ததும் அந்த ஈட்டுக்கான உரிமையை இழக்கிறார். ஜேம்ஸ் தந்த சீட்டில் பெயர் எழுதியிருந்தது ஒருவருக்கு மட்டுமே.

விமானம் கைமாறும்போது இதே கேள்வி இன்னொரு வடிவம் எடுக்கிறது. கட்டியவருக்கு அமெரிக்க விமான நிர்வாகம் தரும் பழுதுபார்ப்போர் சான்றிதழ் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் உரியது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சோதனையை அவரே செய்து கையெழுத்திடலாம். விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் வாங்குபவருக்குச் சேராது. அந்தச் சோதனைக்கு அவர் பொதுவாக உரிமம் பெற்ற மெக்கானிக்கை அழைக்க வேண்டும். பதிவேட்டில் 30 டிகிரி என்று மட்டும் எழுதியிருந்தால் புதியவருக்குக் கிடைப்பது ஓர் எண். மேல்முனை எப்படிக் கண்டறியப்பட்டது, எந்த எரிபொருளில், எந்த வெப்பத்தில், எவ்வளவு உயரத்தில் உள்ள ஓடுபாதையிலிருந்து, எத்தனை நிமிட ஏற்றத்தில் சிலிண்டர் தலையின் வெப்பம் எங்கே போய் நின்றது என்பதும் அதோடு எழுதப்பட்டிருந்தால், அந்த எண் எந்த நிபந்தனைகளுக்குள் செல்லும் என்பதும் சேர்ந்து கைமாறும்.